வெறும் புட்டி வெறுமையன்று

சிற்றூர்களுக்குச் செல்லுந்தோறும், பூச்சிமருந்து தீர்ந்த புட்டிகள் வரப்பிலும் கிணற்றோரத்திலும் கிடக்கக் காண்கிறோம். இவை குப்பைக் குழியிலிட்டால் எருவாகா. வாய்க்காலில் எறிந்தால் நீர் கெடும். எரித்தால் நச்சுப் புகை எழும். இவற்றில் எண்ணெயோ தானியமோ நிரப்பி வைப்பது யாவற்றினும் கொடிது. 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பீகார் மாநிலத்துச் சாரண் மாவட்டத்தில், பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்ததைச் சோதனை காட்டிற்று.

புட்டியைத் தூய்மை செய்யும் முறை எளிது. மருந்தைக் கலக்கும்பொழுதே அதனையும் கழுவிவிட வேண்டும். உலர்ந்து ஒட்டிய நஞ்சு எளிதில் அகலாது. கையுறை அணிந்து, புட்டியில் காற்பங்கு நீர் விட்டு, இறுக மூடி, 30 விநாடி குலுக்குக. அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுக. இவ்வாறு மும்முறை செய்தால் நஞ்சு பெரும்பாலும் நீங்கும். விலை கொடுத்து வாங்கிய மருந்தும் வீணாகாது. பின்னர் அடியில் துளையிட்டுவிட்டால், எவரும் அதனை மீண்டும் கலமாகப் பயன்படுத்த இயலாது.

துளையிட்ட புட்டிகளைத் தனிச் சாக்கிலிட்டு, குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாவண்ணம் வைத்திருந்து, இன்னதென்று கூறித் தூய்மைக் காவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஏனைய குப்பையோடு கலந்தால், அதனைக் கையால் பிரிக்கும் அவருக்கே முதற்கேடு விளையும். பழைய மின்கலம், குழல்விளக்கு, காலங்கடந்த மாத்திரை, ஊசி ஆகியவற்றையும் இவ்வாறே தனித்தனியே பிரித்து வைத்தல் நன்று.

ஊராட்சிகள் இவற்றுக்கெனப் பூட்டிய அறையொன்றை ஒதுக்குமாயின், உழவர்கள் தயக்கமின்றிக் கொணர்வர். மகளிர் குழுக்கள் இச்செய்தியை இல்லந்தோறும் சேர்க்குமென நம்புகிறோம்.