துணைநூலும் மூலநூலும்

இலக்கியம் பயிலும் மாணாக்கர் கையில் மூலநூல் இருப்பினும் இல்லாவிடினும், அதனை விளக்கும் சிறுநூல் ஒன்று தவறாது இருக்கக் காண்கிறோம். 'நோட்ஸ்' என வழங்கும் இத்துணைநூல்களை ஆசிரியர் சிலர் அறவே வெறுப்பர். மாணாக்கர் பலர் அவற்றையே தஞ்சமெனக் கொள்வர். இவ்விரண்டும் மிகையென்பது எமது அபிப்பிராயம். ஒரு நூலோடு அதனின்று எடுக்கப்பெற்ற திரைப்படத்தையும் சேர்த்துப் பயிலும் வழக்கம் கலாசாலைகளிற் பரவியுள்ள இக்காலத்தில், துணைநூலை எவ்வாறு கைக்கொள்ளல் வேண்டுமென்பதை ஷேக்ஸ்பியர் மகாகவியின் 'ஹாம்லெட்' நாடகத்தைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் எமது பிழையொன்றைக் கூறிவிடுதல் நலம். யாம் மாணாக்கராயிருந்த காலத்தில் இந்நாடகம் எமக்குப் பாடமாயிருந்தது. அதன் ஆங்கிலம் கடினமாகத் தோன்றியமையின், மூலத்திற் சில பக்கங்களைப் புரட்டியதோடு நிறுத்திவிட்டுத் துணைநூல் ஒன்றை இருமுறை படித்தோம். 1948-ஆம் ஆண்டில் லாரன்ஸ் ஒலிவியர் இயக்கி நடித்த திரைப்படத்தையும் கண்டோம். கதை முழுதும் தெரிந்துவிட்டதென்ற துணிவோடு கலாசாலைப் பரீட்சைக்குச் சென்றோம். இந்நாடகத்தில் போர்ட்டின்பிராஸ் பெறும் இடம் யாதென்பது வினாக்களுள் ஒன்று. படத்தில் அப்பெயருடையான் ஒருவனைக் கண்டதாக நினைவில்லை. துணைநூலில், அவன் ஹாம்லெட்டுக்கு எதிர்நிலையாக அமைந்தவன் என்ற ஒரு வரி மட்டும் நினைவிற்கு வந்தது. அவ்வொரு வரியை ஒரு பக்கமாக நீட்டி எழுதினோம். விடைத்தாள் திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் எம் ஆசிரியர் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: 'எங்கே கண்டீர்?' அதற்கு அன்று எம்மிடம் விடையில்லை. யாம் எழுதிய வரி பிழையானதன்று. ஆயினும் அது எம்முடையதன்று.

துணைநூல் என்பது புதிய பொருளன்று. தமிழ்நூல்கள் தொன்றுதொட்டு உரையோடு பயிலப்பட்டு வந்துள்ளன. நன்னூலார் உரையைக் காண்டிகை, விருத்தி என இருவகைப்படுத்திக் கூறுகின்றார். வினாவும் விடையும் காண்டிகையுரையின் உறுப்புக்களுள் அடங்கும். ஆயின் அவ்வுரைகளில் மூலம் முன்னிற்கும். உரை அதன் பின்னே வரும். குறளைக் கண்ணாற் கண்ட பின்னரே பரிமேலழகரைக் கேட்கிறோம். அவர் கூறும் பொருள் பொருந்துமா என்று உடனே மேலே நோக்கிச் சரிபார்த்தலும் கூடும். இக்காலத் துணைநூலோ பெரும்பாலும் மூலத்தைப் பிரிந்து தனியே நிற்பது. வேற்றுமை இதுவே.

ஆங்கிலத்திலும் இதன் வரலாறு நெடியது. 1807-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் லாம்பும் அவர் தமக்கையார் மேரி லாம்பும் ஷேக்ஸ்பியர் நாடகங்களை இளைஞர்க்கேற்ற கதைகளாக எழுதி வெளியிட்டனர். அவர்தம் நோக்கம் இளைஞரைப் பின்னர் மூலத்திற்கு அழைத்துச் செல்லுதலேயாம். 1904-இல் ஏ. ஸி. பிராட்லி என்னும் பேராசிரியர் ஹாம்லெட் முதலாய நான்கு துன்பியல் நாடகங்களைப் பற்றிய சொற்பொழிவுகளை நூலாக்கினார். 1948-இல் கனடா நாட்டில் 'கோல்ஸ் நோட்ஸ்' தோன்றிற்று. அதனைப் பின்பற்றி 1958-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிளிஃப்டன் ஹில்லிகாஸ் என்பார் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் 16-க்குத் துணைநூல்கள் வெளியிட்டார். மஞ்சளும் கறுப்புமான அட்டையோடு உலகெங்கும் பரவிய 'கிளிஃப்ஸ் நோட்ஸ்' இவ்வாறு பிறந்ததே. இந்நூல்கள் மூலத்திற்கு ஈடாகமாட்டா என்று அவரே தம் வெளியீடுகளில் எச்சரித்திருப்பது கருதத்தக்கது. இன்றோ அத்தகைய சுருக்கங்கள் கைப்பேசியிலேயே நொடிப்பொழுதிற் கிட்டுகின்றன. எச்சரிக்கையைப் படிப்பார் அருகினர்.

இனி, ஆசிரியர் கேட்ட வினாவிற்கு வருவோம். பரீட்சை முடிந்த பின்னர், வெட்கத்தினால் உந்தப்பட்டு மூலத்தை முதலிலிருந்து படித்தோம். போர்ட்டின்பிராஸின் பெயர் முதற் காட்சியிலேயே, யாம் புரட்டிச் சென்ற பக்கங்களிலேயே, வருகின்றது. அவன் நார்வே நாட்டு இளவரசன். அவன் தந்தை ஹாம்லெட்டின் தந்தையோடு தனிப்போர் புரிந்து மாண்டான், நிலத்தையும் இழந்தான். இழந்த நிலத்தை மீட்க இளவரசன் படை திரட்டுகின்றான். முதியவனாகிய அவன் சிறிய தந்தை தடுக்க, அப்படையைப் போலந்தின்மேற் செலுத்துகின்றான். நான்காம் அங்கத்தில் அப்படை டென்மார்க் வழியே செல்வதை ஹாம்லெட் காண்கின்றான். யாதொரு பயனுமற்ற சிறுநிலத்திற்காக அத்துணைப் பேர் உயிர்விடச் செல்வதை அறிந்து, தந்தையை இழந்த தான் வாளா இருத்தலை எண்ணித் தன்னையே நொந்துகொள்கின்றான். முடிவில் அரச குடும்பம் முழுதும் மாண்டு கிடக்கும்போது, டென்மார்க்கின் அரியணைக்கு உரியவனாக வந்து நிற்பவன் இப்போர்ட்டின்பிராஸே.

இதனைப் படித்தபோதுதான் நாடகத்தின் அமைப்புப் புலனாயிற்று. தந்தை கொல்லப்பட்ட மைந்தர் இதில் ஒருவரல்லர், மூவர். ஹாம்லெட் ஆராய்ந்து தாழ்க்கின்றான். லேயர்ட்டீஸ் ஆராயாது பாய்ந்து வஞ்சகர்க்குக் கருவியாகின்றான். போர்ட்டின்பிராஸ் தன் சினத்தை அடக்கி வேறுவழியிற் செலுத்தி, ஈற்றில் எதிர்பாராது அரசு பெறுகின்றான். 'எதிர்நிலை' என்ற ஒரு சொல்லுள் இத்துணையும் அடங்கியிருந்தது. ஆயின் மூலத்தைக் கண்டவனுக்கே அச்சொல் பொருள் தரும். காணாதவனுக்கு அது வெற்றொலியே.

திரைப்படத்தில் அவனைக் காணாமைக்கும் காரணம் உண்டு. இந்நாடகம் முழுதையும் நடிக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேண்டும். 1996-இல் கென்னத் பிரானா மூலத்தைக் குறைக்காது எடுத்த படம் அவ்வளவு நேரம் ஓடுவது. ஒலிவியர் தம் படத்தை ஏறக்குறைய இரண்டரை மணியில் முடித்தார். அதன்பொருட்டுப் போர்ட்டின்பிராஸையும், ரோஸன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டர்ன் என்னும் இருவரையும் முற்றிலும் நீக்கினார். அன்றியும், மனத்தை ஒருவழிப்படுத்த இயலாத ஒருவனது துன்பக்கதை இதுவென்று தொடக்கத்திலேயே ஒரு குரல் அறிவிக்கின்றது. ஆராயுங்கால் இதுவும் ஒரு துணைநூல் வாக்கியமே! நாடகத்திற்கு ஒரு விடையை முன்னரே கூறிவிட்டு, அவ்விடைக்கு வேண்டாதவற்றை விலக்கிப் படம் செல்கின்றது. அரசின் கதை ஒரு குடும்பத்தின், ஒரு மனத்தின் கதையாகக் குறுகுகின்றது.

இது படத்தின் குற்றமன்று, அதன் தெரிவு. அத்தெரிவிற்கேற்ற அழகுகள் அதிற் பல. வாழ்வதா மடிவதா என்று இளவரசன் எண்ணும் தனிமொழியில், கடலுக்குமேல் உயர்ந்த இடத்தில் அவன் அமர்ந்திருக்க, இதழ் அசையாமலே சில அடிகள் குரலாகக் கேட்கின்றன. நாடக மேடையில் நடிகன் வாய்விட்டுக் கூறவேண்டியதைத் திரைப்படம் நினைவாகவே காட்டவல்லது. 1964-இல் ருஷ்ய நாட்டில் கிரிகோரி கோஸின்ட்ஸெவ் எடுத்த படமோ வேறுவகை. பாஸ்டர்நாக்கின் மொழிபெயர்ப்பையும் ஷோஸ்டகோவிச்சின் இசையையும் கொண்ட அப்படத்தில் போர்ட்டின்பிராஸ் வருகின்றான். கோட்டையும் காவலரும் ஒற்றரும் நிறைந்த அரசு முழுதும் சிறையாகத் தோன்றுகின்றது. இரண்டையும் ஒருங்கு காண்பவன், ஒரு நூலினின்று இருவேறு விடைகள் பிறத்தல் கூடுமென்பதை உணர்வான்.

மூலமும் ஒன்றேயென்று கருதிவிடலாகாது. இந்நாடகம் 1603, 1604, 1623 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு வடிவில் அச்சாயிற்று. போர்ட்டின்பிராஸின் படையைக் கண்டு ஹாம்லெட் தன்னை நொந்துகொள்ளும் தனிமொழி 1604-ஆம் பதிப்பில் உள்ளது. 1623-ஆம் பதிப்பில் இல்லை. ஆகவே, நல்ல பதிப்பின் குறிப்புரைகளும் நமக்கு வேண்டியனவே.

இவற்றால் யாம் கண்ட முறையைச் சுருங்கக் கூறுவோம். அருஞ்சொற்பொருள் வேறு, அபிப்பிராயம் வேறு. சொற்பொருளுக்கு எப்போது வேண்டினும் துணைநூலை நாடலாம்; அதில் இழிவொன்றுமில்லை. அபிப்பிராயத்தையோ, ஓர் அங்கத்தையேனும் தாமே படித்து, ஐயங்களை ஏட்டிற் குறித்துக்கொண்ட பின்னரே பார்த்தல் வேண்டும். பார்க்குங்கால், கூறப்பட்ட ஒவ்வொரு கருத்துக்கும் நேரே அங்கமும் காட்சியும் இன்னவென்று எழுதுக. இடம் அகப்படாத கருத்தை ஒதுக்கி வைக்க. திரைப்படத்தை இருமுறை காண்க. முதன்முறை இன்பத்திற்காக, மறுமுறை விடுத்தவை, சேர்த்தவை, இடம் மாற்றியவை என மூன்று பத்தியாகக் குறித்துக்கொள்வதற்காக. ஒளியும் ஒலியும் காமிராவின் அண்மை சேய்மையும் படத்திற்குரிய சொற்களாதலின், கதையை மட்டும் கூறும் படத் துணைநூல் பாதி வேலையே செய்ததாகும்.

வீட்டில் ஆங்கிலம் அறிந்தார் ஒருவருமின்றிக் கலாசாலைக்கு வரும் மாணாக்கர் நம்மிடைப் பலர். அவர்க்குச் சிறுவிலைத் துணைநூல் ஓர் ஊன்றுகோல் என்பதை யாம் மறவோம். ஊன்றுகோலைப் பழித்தல் எமது கருத்தன்று; நடத்தலை அதனிடமே ஒப்படைத்தல் ஆகாது என்பதே வேண்டுகோள். பரீட்சையிற் பெறும் எண்கள் சில ஆண்டுகளில் மறக்கப்படும். ஒரு நூலைத் தானே கண்டு, தானே ஐயுற்று, தானே துணிந்த பழக்கம் பிற்காலத்தில் ஒரு செய்தியைக் கேட்கும்போதும், ஒருவன் சொல்லை நம்பும்போதும் உடன் நிற்கும். ஆதலின் மாணவ அன்பர்களே, அடுத்த முறை துணைநூலின் ஒரு வரியை உங்கள் ஏட்டில் எழுதுமுன், எம் விடைத்தாளின் ஓரத்திலிருந்த அவ்விரு சொற்களையும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.