மலிவான மடிக்கணினி ஆதாயமா?

கல்லூரியில் சேரும் பிள்ளைக்காக, நகையை அடகு வைத்தேனும் மடிக்கணினி வாங்க முற்படும் பெற்றோர் கடையில் முதலில் வினவுவது விலையையே. அது இயல்பு. ஆயினும் மிகக் குறைந்த விலைக் கருவியின் அட்டையில் காணும் இரண்டு எண்களை ஊன்றிப் பார்த்தல் வேண்டும்: 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு.

2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் விதித்துள்ள கீழெல்லையும் இதுவே. வாங்கும் நாளன்றே கருவி தன் எல்லையில் நிற்கிறது! "பின்னர் கூட்டிக்கொள்ளலாமே" என்பீர்கள். இத்தகைய கருவிகள் பலவற்றில் ரேமும் சேமிப்புச் சில்லும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற இயலாது. விற்பவர் இதனைத் தாமாகச் சொல்வது அரிது; நாமே கேட்க வேண்டும்.

கட்டுரை தட்டச்சு செய்யவும் இணையவழிப் பாடம் கேட்கவும் மட்டுமெனில் இக்கருவி போதும். பொறியியல் வரைபடம் பயிலும் பிள்ளையோ நான்காண்டுகள் இதனோடு மல்லாட நேரிடும். அத்தகையோருக்கு, அலுவலகத்தில் பயன்பட்டு, செப்பனிடப்பெற்று, உத்தரவாதத்துடன் வரும் 8 ஜி.பி. கருவியே மேல் என்பேன். அதிலும் இன்டெல் செயலி எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டதாயின் வேண்டாம். விண்டோஸ் 11 பொதுவாக அதனை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது.