வியர்க்காத உடல்கள்

சிந்துப் பகுதியைச் சேர்ந்த ஓர் இந்துக் குடும்பத்தைப் பற்றி சார்லஸ் டார்வின் எழுதியிருக்கிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு வாயில் சில பற்களே இருந்தன, உடலில் ரோமம் குறைவு, இளவயதிலேயே வழுக்கை, கோடையில் தோல் வறண்டு வாட்டியது. மகள்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்கள் பெற்ற ஆண்பிள்ளைகளிடம் அது மீண்டும் தலைகாட்டியது.

தோல் வறண்டது வியர்க்காததால். பல், முடி, வியர்வை மூன்றும் ஏன் சேர்ந்தே பழுதாகின்றன?

கருவின் மூன்றாவது வாரத்தில் மூன்று அடுக்குகள் உருவாகின்றன. மேலே இருப்பது எக்டோடெர்ம் எனும் புற அடுக்கு. அதன் நடுப்பகுதி மடிந்து குழாயாகி, மூளையும் தண்டுவடமும் ஆகிறது, மிச்சம் மேல்தோலாகிறது. நினைக்கும் மூளையும் வியர்க்கும் தோலும் ஒரே அடுக்கின் பிள்ளைகள் என்பது எத்தனை முறை படித்தாலும் வியப்புதான். பிறகு அந்த மேல்தோல் ஆங்காங்கே தடித்து உள்ளிறங்குகிறது. அப்படித்தான் முடிக்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் பல்லின் எனாமலும் பிறக்கின்றன. இதற்கான சமிக்ஞைகளில் ஒன்றைத் தருவது ஈடிஏ என்ற புரதம். அதன் மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது; இருப்பது எக்ஸ் குரோமோசோமில். அந்த மரபணு பழுதானால் பெண்ணுக்கு இன்னொரு எக்ஸ் பெருமளவு ஈடுகட்டும். ஆணுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பல்லுக்கும் முடிக்கும் மாற்று வைத்துக்கொள்ளலாம். வியர்வைக்கு முடியாது. வியர்க்காத குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சலே உயிருக்கு உலை வைக்கலாம்; பிறந்த பிறகு புதிய வியர்வைச் சுரப்பிகள் உருவாவதும் இல்லை. பிறந்த குழந்தைகளுக்கு இந்தப் புரதத்தைச் செலுத்திப் பார்த்தும் பலன் கிடைக்கவில்லை.

ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹோல்ம் ஷ்னைடர் குழுவினர் சிகிச்சையின் காலத்தைப் பிறப்புக்கு முன்னே நகர்த்தினார்கள். ஆய்வகத்தில் தயாரித்த புரதத்தை ஒரு தாயின் கர்ப்பத்தின் 26-ஆவது வாரத்திலும் 31-ஆவது வாரத்திலும் பனிக்குட நீரில் செலுத்தினார்கள். வயிற்றிலிருந்த, இந்தக் கோளாறுள்ள இரட்டை ஆண்குழந்தைகள் அந்த நீரை விழுங்க, புரதம் குடல் வழியே ரத்தத்தில் கலந்தது. இருவருக்கும் இயல்பாக வியர்த்தது. இன்னொரு தாயின் ஒற்றைக் குழந்தைக்கு 26-ஆவது வாரத்தில் ஒருமுறை மட்டும் கொடுத்தார்கள், அதற்கும் வியர்த்தது. 2018-இல் இந்த முடிவு வெளியானது. மரபுக் கோளாறு ஒன்றின் விளைவைக் கருப்பையிலேயே தடுத்தது மருத்துவத்தின் பெரிய தாவல்.

பற்கள் மட்டும் முழுமையாக வரவில்லை. பால்பற்களின் மொட்டுகள் கருவின் ஆறாவது, ஏழாவது வாரங்களிலேயே அரும்பத் தொடங்கிவிடுகின்றன. உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் பரவுவதோ ஐந்தாவது மாதத்துக்கு மேல். 26-ஆவது வாரத்து ஊசி வியர்வைக்குச் சரியான நேரத்தில் வந்தது. பல்லுக்கு அது தாமதம்.