பக்கத்து வீட்டில் கொடுத்த பார்சலும் ஓர் அமானிதமே



நம் வீடுகளுக்கு வரும் தபாலின் தன்மை மாறிவிட்டது. ஒரு காலத்தில் கடிதமும் மணியார்டரும் பெருநாள் வாழ்த்து அட்டையும் வந்த வாசலுக்கு இன்று பார்சல் வருகிறது. பிள்ளைகளின் புத்தகம், பெரியவர்களின் மருந்து, பெருநாள் துணி, வளைகுடாவில் இருக்கும் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பும் சாமான், பாஸ்போர்ட், ஏ.டி.எம். கார்டு என்று முக்கியமான எல்லாமே உறைக்குள்ளும் அட்டைப்பெட்டிக்குள்ளும் வந்து சேர்கின்றன.

கொண்டு வருபவர் வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பதில்லை. நம் கூட்டேரிப்பட்டுச் சுற்று வட்டாரத்தில் ஆண்கள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் என்றால் இருப்பவர்களும் ஜும்ஆவில் இருப்பார்கள். பூட்டிய வீட்டைப் பார்த்தவுடன் "பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகட்டுமா?" என்று போன் வருகிறது. "சரி" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் நல்லபடியாகவே முடிகிறது. முடியாதபோதுதான் வழக்கு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறது.

வந்த வழக்குகள் சிலவற்றைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறேன். ஒரு தாயாருக்கு வந்த இன்சுலின், வாங்கி வைத்தவர் வீட்டு அலமாரியில் வெயில் காலத்தில் நாள் கணக்கில் கிடந்தது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டிய மருந்து அது. அதை ஊசியில் ஏற்றும் துணிவு யாருக்கும் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கடந்த பிறகு பக்கத்து வீட்டுப் பழைய பேப்பர் கட்டிலிருந்து கிடைத்தது. இன்னொரு வழக்கில் பொருள் ஒரு செல்போன். கொடுத்துவிட்டோம் என்கிறது நிறுவனம், எனக்கு வரவே இல்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இருபது வருடம் ஒருவர் வீட்டு நோன்புக் கஞ்சியை இன்னொருவர் குடித்த இரண்டு குடும்பங்கள் இன்று ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை. போனின் விலையை எப்படியும் சம்பாதித்துவிடலாம், அந்த உறவை எங்கே போய் வாங்குவது?

ஆகவே, தபால் விதி என்ன, வாங்கி வைப்பவரின் பொறுப்பு என்ன, பொருள் தொலைந்தால் என்ன செய்வது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

தபால் விதி சொல்வது

முன்பு முக்கியமான எதையும் பதிவுத் தபாலில்தான் அனுப்புவோம். யார் பெயருக்கு வந்ததோ அவரிடம், அல்லது அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்த ஒருவரிடம் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். 2025இல் அந்தப் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஸ்பீட் போஸ்ட் விலாசத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அந்த வீட்டில் இருக்கும் யாரிடமும் கொடுக்கலாம்.

பழைய பாதுகாப்பு முற்றிலும் போய்விடவில்லை. ஸ்பீட் போஸ்ட் அனுப்பும்போது "பதிவு" வசதியும் வேண்டும் என்று கேட்டு, 5 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் கூடுதலாகக் கட்டினால், உரியவரிடம் மட்டுமே கொடுக்கும் பழைய முறை பொருந்தும். அதேபோல் இன்னொரு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டினால், பெறுபவரின் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொன்ன பிறகே தபால் கைமாறும். இந்த வசதிகள் 2025 அக்டோபர் 1 முதல் புதிய கட்டணத்துடன் நடைமுறைக்கு வந்தன. சான்றிதழோ பத்திரமோ அனுப்பும் உறவினரிடம், கவுண்டரில் இதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சாதாரண முறையிலேயே போகும்.

ஒன்றைக் கவனியுங்கள். விலாசத்தில் உள்ள யாரிடமும் கொடுக்கலாம் என்றால் அந்த வீட்டில் உள்ளவர் என்று பொருள். பக்கத்து வீடு வேறு விலாசம். வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் அறிவிப்பு வைத்துவிட்டுத் தபாலை அஞ்சலகத்துக்குத் திருப்பி எடுத்துப் போக வேண்டும். பொதுவாக 7 நாள் அங்கே வைத்திருப்பார்கள். அடையாள அட்டையோடு நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் விஷயத்தில் விதி இன்னும் கடுமையானது: விண்ணப்பித்தவர் அடையாள அட்டையைக் காட்டி நேரில்தான் பெற வேண்டும். ஹஜ், உம்ரா பயணத்துக்காகப் பாஸ்போர்ட் எதிர்பார்ப்பவர்கள், "அண்ணே, பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்" என்று தபால்காரரை வற்புறுத்துவது அவருடைய வேலைக்கே உலை வைப்பதாகும்.

தனியார் கூரியரில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை. ஆனால் பொதுவான ஒன்று உண்டு. ஓ.டி.பி. எண்ணைச் சொல்வது ரசீதில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். நீங்கள் திண்டிவனத்தில் இருந்துகொண்டு போனில் எண்ணைச் சொல்லிவிட்டால், பொருள் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகவே நிறுவனத்தின் கணக்கில் பதிவாகும். பிறகு வரவில்லை என்று நிரூபிப்பது கடினம். எனவே முதலில் வாங்கி வைக்கப்போகும் வீட்டாரிடம் பேசுங்கள். பெட்டி அவர் கைக்கு வந்தது உறுதியான பிறகு எண்ணைச் சொல்லுங்கள்.

வாங்கி வைப்பவரின் பொறுப்பு

பிறர் பொருளைக் காத்து வைக்கும் அமானிதத்துக்கு ஃபிக்ஹு நூல்களில் "வதீஆ" என்று தனிப் பாடமே இருக்கிறது. அதன் சாரம் இதுதான். வைத்திருப்பவர் தன் பொருளைப் போல் அதைக் காக்க வேண்டும், பயன்படுத்தக் கூடாது, கேட்டவுடன் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் கவனக்குறைவாக இருந்தாலோ வரம்பு மீறினாலோ ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். அவர் மீது குறையில்லாமல் பொருள் போய்விட்டால் அவரிடம் ஈடு கேட்க முடியாது.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151ஆம் பிரிவின்படி, பிறர் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் பொருளைக் காக்கும் அளவுக்கு அதைக் காக்க வேண்டும். அந்த அளவு கவனம் எடுத்திருந்தால், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், இழப்புக்கு அவர் பொறுப்பல்ல என்கிறது 152ஆம் பிரிவு.

இதை நம் தெருவுக்குப் பொருத்திப் பாருங்கள். வாங்கிய பெட்டியைத் திண்ணையில் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டால் அது கவனக்குறைவு. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் அது வரம்பு மீறல். பீரோவில் பூட்டி வைத்து, திருடன் வந்து தன் நகையோடு பக்கத்து வீட்டுப் பெட்டியையும் கொண்டுபோய்விட்டால் அவர் மீது குற்றமில்லை. அவரிடம் போய்ச் சத்தியம் செய்யச் சொல்வதும், தெருவில் நின்று பேசுவதும் தகாத செயல்.

நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், மக்காவாசிகள் தம்மிடம் கொடுத்து வைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரழி) அவர்களை ஊரில் விட்டுச் சென்றார்கள். அந்தப் பொருள்களுக்கு உரியவர்களில் அவர்களை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அமானிதத்தில் நம்மவர், பிறர் என்ற பிரிவு கிடையாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? நம் வீட்டில் பெட்டியை விட்டுப் போகும் மாற்று மத அண்டை வீட்டார் நம் மார்க்கத்தை நூலில் படித்துத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. அந்தப் பெட்டி எப்படித் திரும்பி வருகிறது என்பதில்தான் பார்ப்பார்கள்.

வாங்கி வைப்பது உதவிதான், கட்டாயமில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் அதிகம், மறதி உண்டு, ஊருக்குப் புறப்படுகிறோம் என்றால் "மன்னிக்கணும், இன்று முடியாது" என்று சொல்வதே மேல். மறுத்தவர் மீது வருத்தப்படவும் கூடாது.

வேண்டாத இரண்டு உதவிகள்

நீதிமன்றம், வங்கி, வக்கீல் அலுவலகம் ஆகியவற்றிலிருந்து வரும் தபாலுக்குப் பிறருக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். "அவர் வாங்க மாட்டார்" என்று நீங்களாகச் சொல்லியும் அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தார் என்று எழுதித் திரும்பும் நோட்டீஸை, கிடைத்ததாகவே நீதிமன்றங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையில் பக்கத்து வீட்டுக்காரர் வழக்கில் தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பை இழக்கலாம். "வெளியே போயிருக்கிறார்" என்ற உண்மையை மட்டும் சொல்லுங்கள்.

பணம் கட்டி வாங்கும் பார்சல் வந்தால், உரியவரிடம் போனில் கேட்காமல் உங்கள் பணத்தைக் கட்டாதீர்கள். யாரும் ஆர்டர் செய்யாத பெட்டியைக் கொண்டுவந்து பணம் வாங்கிப் போகும் மோசடியும் நடக்கிறது. "உங்கள் பார்சல் கிடங்கில் நிற்கிறது, விலாசம் முழுமையாக இல்லை, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று அஞ்சல் துறை பெயரில் வரும் குறுஞ்செய்தியும் பொய். அழுத்திப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

விலாசத்தில் தொடங்கும் குழப்பம்

ஒரே தெருவில் இரண்டு அப்துல் காதர், மூன்று முஹம்மது இருப்பது நம் ஊர் வழக்கம். பார்சல் தவறான வீட்டுக்குப் போவதற்கு இது பெரிய காரணம். பெயரோடு தகப்பனார் பெயர் அல்லது கணவர் பெயர், கதவு எண், தெரு, அருகில் உள்ள அடையாளம், நடப்பில் உள்ள கைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். வெளிநாட்டில் உள்ளவரின் எண்ணைக் கொடுத்தால் கூரியர்காரர் யாரைக் கூப்பிடுவார்? பின்கோடில் நம் பக்கம் 604 என்றும், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் 605 என்றும் தொடங்கும். ஓர் இலக்கம் மாறினால் பெட்டி வேறு ஊருக்குப் போய்ச் சுற்றிவிட்டு வரும். கதவு எண் சரியாக இல்லாத வீடுகளுக்கு, அஞ்சல் துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின் உதவும். ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் 10 எழுத்து, எண் கொண்ட குறியீடு அது.

இங்கிலாந்தில் ராயல் மெயில் நிறுவனம் 2012 முதல், ஆளில்லாத வீட்டுப் பார்சலை அண்டை வீட்டில் கொடுக்க அனுமதி பெற்றிருக்கிறது. ஆனால் எந்த வீட்டில் கொடுத்தோம் என்று எழுதிய அட்டையைப் பூட்டிய வீட்டில் போட்டுவிட்டுப் போக வேண்டும். இந்த ஏற்பாடு வேண்டாம் என்பவர்கள் கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். எழுத்தும் சம்மதமும் இருந்தால் சண்டை குறையும் என்பதே அதன் கருத்து. கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று நமக்கு முன்பே சொல்லப்பட்டதுதானே!

நாம் செய்ய வேண்டியவை

1. வாங்கி வைக்க ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள். யாரிடமும் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லாதீர்கள்.

2. மருந்து, சான்றிதழ், நகை, செல்போன் ஆகியவற்றைப் பக்கத்து வீட்டில் விடச் சொல்லாதீர்கள். வேறு நாள் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது அஞ்சலகத்தில் வைக்கச் சொல்லி நேரில் வாங்குங்கள்.

3. வாங்கி வைப்பவர் பெட்டியைப் படம் எடுத்து உடனே உரியவருக்கு அனுப்பட்டும். பெட்டி கிழிந்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பட்டும்.

4. உரியவர் அன்று மஃரிபுக்குள் போய் வாங்கிவிட வேண்டும். தாமதித்துவிட்டு மற்றவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

5. தனியாக இருக்கும் சகோதரிகளும், இத்தாவில் இருப்பவர்களும் வாசலுக்கு வர விரும்பாவிட்டால், நம்பகமான ஒரு பெண்மணியின் வீட்டை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சிறு பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

பொருள் தொலைந்தால்

பக்கத்து வீட்டுக்காரர் மீது பாய்வதற்கு முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: யாரிடம், எத்தனை மணிக்கு, எந்த ஆதாரத்தோடு கொடுத்தீர்கள்? கையெழுத்தையோ படத்தையோ காட்டச் சொல்லுங்கள். பாதி வழக்கு அங்கேயே தெளிந்துவிடும்.

அஞ்சல் துறையிடம் 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, அஞ்சலகத்தில் எழுத்து மூலமோ புகார் செய்யலாம். தாமதிக்காதீர்கள், ரசீதையும் தொலைக்காதீர்கள். உள்நாட்டு ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கிடைக்கும் ஈடு, கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். ஆகவே விலை உயர்ந்த பொருளைக் காப்பீடு செய்து அனுப்புவதே புத்திசாலித்தனம்.

ஆன்லைனில் வாங்கிய பொருளானால் விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. எந்த ஊர் நிறுவனமானாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.

புகார் எழுதத் தெரியாதவர்கள் ரசீது, குறுஞ்செய்தி, படம் ஆகியவற்றோடு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதிக் கொடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ். இப்போதே இது போன்ற ஒரு பெட்டியால் பேச்சு நின்றுபோன குடும்பங்களும் வரலாம். இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவதற்கு நிர்வாகிகள் தயாராக இருக்கிறார்கள். அல்லது அதற்கும் காத்திராமல், அடுத்த ஜும்ஆவுக்கு வெளியே வரும்போது நீங்களே முந்திக்கொண்டு ஸலாம் சொல்லிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.

– செயலாளர்