கூத்துக்கு ஆங்கிலம் என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் மட்டக்களப்புப் பக்கத்து நண்பர் ஒருவர் தனது அகதி விண்ணப்ப விசாரணைப் பதிவின் பிரதியை என்னிடம் கொண்டு வந்தார். பின்னேர வேலை முடிந்து, எண்ணெய் மணம் போகாத கையோடு அதைப் புரட்டினேன். ஊரில் என்ன செய்தீர் என்ற கேள்விக்கு அவர் தமிழில் சொன்னது, 'ஊர் ஊராய்க் கூத்துப் போட்டம்' என்பது. டொச்சில் பதிவாகியிருந்ததோ 'நாட்டார் நடனக்காரர்' என்று. அவர்கள் போட்டது காணாமற்போனவர்களைப் பற்றிய தெருவெளி நாடகம். அதன் பிறகே அவரைத் தேடி வந்தார்கள். நடனமாடிய ஒருவரை எதற்காகத் தேட வேண்டும் என்று நிராகரிப்புக் கடிதம் கேட்டிருந்தது. பதிவை மட்டும் வாசிப்பவருக்கு அது நியாயமான கேள்விதான்.

இதை மொழிபெயர்த்தவர் தலையில் கட்டிவிட எனக்கு மனமில்லை. எம்மில் பெரும்பாலானோர் டொச்சுக்கு நேரே போவதில்லை. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தைப் பாலமாக வைத்தே போகிறோம். கூத்து என்றதும் 'டான்ஸ்' முந்திக்கொண்டு வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிக்கனைப் பார்த்தாலும் நடனம் என்பதே முதற்பொருள். நாடகம் அதற்குப் பிறகுதான். ஆக, அகராதிப்படி அவர் பிழை விடவில்லை. ஆங்கிலத்தில் ஆடல், பாடல், நாடகம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வீடு. கூத்துக்காரனோ மூன்றையும் ஒரே களரியில் வைத்திருக்கிறான். எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று ஆங்கிலம் கேட்கிறபோது ஒன்றைச் சொல்லி மற்ற இரண்டையும் வாசலில் விட்டுவிடுகிறோம்.

அரங்கக் கலைகள் பற்றிய ஆங்கிலச் சொற்களை எங்கள் பலர் உலகப் பொதுச் சொற்கள் போலவே கையாளுகிறார்கள். அவையும் யாரோ சிலரின் ஊர்ச் சொற்களே. 'தியேட்டர்' என்பதன் கிரேக்க மூலம் பார்க்கும் இடம் என்பது. 'ட்ராமா' என்றால் செய்வது. 'சீன்' என்பது கிரேக்கர் நடித்த இடத்தின் பின்னால் நின்ற கூடாரம். 'ஓடியன்ஸ்' மட்டும் இலத்தீனிலிருந்து வந்தது. அது கேட்பதைக் குறித்தது. பார்க்கும் இடத்திலே கேட்பவர்கள் இருக்கிறார்கள்! எங்கள் 'பார்வையாளர்' ஓடியன்சின் மொழிபெயர்ப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்கிறது. எழினிகளில் மூன்று வகை சொல்கிறது. நாம் எல்லாவற்றையும் 'ஸ்கிரீன்' என்கிறோம்.

அதிகம் வில்லங்கம் பிடித்த சொற்கள் 'டிரெக்டர்', 'புரொடியூசர்' இரண்டுமே. தமிழ்நாட்டுச் சினிமா வழக்கில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர், இயக்குநர் என்றால் படத்தை ஆக்குகிறவர். ஈழத்து அரங்கில் நாம் நெறியாளர் என்கிறோம். ஆனால் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964), வாலிவதை ஆகியவற்றை மேடையேற்றியதைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரைத் தயாரிப்பாளர் என்றே குறிப்பிட்டு வந்தார்கள். காசு போட்டவர் என்று பொருளல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பிரித்தானிய அரங்கில், இன்று 'டிரெக்டர்' செய்யும் வேலையைச் செய்தவருக்குப் பெயர் 'புரொடியூசர்'. அமெரிக்க வழக்குப் பரவித்தான் அது மாறியது. எங்கள் 'தயாரிப்பாளர்' அந்தப் பழைய ஆங்கிலத்தின் நிழல் என்றே நான் கருதுகிறேன். விரிவுரையாளனாக இருந்த காலத்தில் இதை விளங்காமலே மாணவர்களின் விடைத்தாளில் சிவப்புக் கோடு கீறியிருக்கிறேன்.

இங்கே டொச்சில் 'டிரெக்டர்' என்றால் பள்ளிக்கூடத்துக்கோ தொழிற்சாலைக்கோ தலைவர். அரங்கத்து நெறியாள்கைக்குச் சொல் 'ரெஷீ'. அச்சொல்லை நான் முதலில் கண்டது நாடக மண்டபத்தில் அல்ல, தொழிற்சாலைக் கணக்குத் தாளில். மணித்தியாலக் கணக்கில் கூலி போடும் வேலைக்குச் சுவிசில் அதே சொல்தான். நிர்வாகம் என்ற பொருள்பட்ட பிரெஞ்சுச் சொல்லின் இரண்டு பிள்ளைகள் இவை.

இனி அண்ணாவியாரை எங்கே வைப்பது? பாட்டும் ஆட்டமும் பழக்குகிறவர் அவர். மத்தளம் அடிப்பவரும் அநேகமாக அவரே. சிலவேளை கூத்தை எழுதியவரும் அவரே. நாங்கள் சில பேர் வடமோடிக் கூத்தொன்றுக்கு நகரசபை ஒன்றிடம் உதவிப்பணம் கேட்டு விண்ணப்பித்தோம். படிவத்தில் எழுத்து, நெறியாள்கை, இசை என்று மூன்று கட்டங்கள். மூன்றிலும் ஒரே பெயரை எழுதினோம். ஊதியம் மூன்றா, ஒன்றா என்று கடிதம் வந்தது. எங்களுக்குள்ளேயே ஒரு மாதம் சண்டை. 'டிரெக்டர் என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்' என்றார் ஒருவர். அப்படிப் போட்டால் மத்தளத்தின் முன் இருக்கிறவர் கூலிக்கு வந்த வாத்தியக்காரராகிவிடுவார் என்பது என் வாதம். கடைசியில் அண்ணாவியார் என்றே உரோம எழுத்தில் எழுதி, கீழே இரண்டு வரி விளக்கம் சேர்த்தோம். உதவிப்பணம் கேட்டதில் பாதி கிடைத்தது; விளக்கத்தினாலா என்று கேட்காதீர்கள்.

ஒத்திகைச் சொற்களைப் பார்த்தால் ஒவ்வொரு மொழியும் வேலையை எப்படி நினைக்கிறது என்பது தெரியும். ஆங்கில 'ரிஹேர்சல்' பழைய பிரெஞ்சில் நிலத்தை மறுபடி பரம்படிப்பது. இன்றைய பிரெஞ்சுக்காரர் திரும்பச் செய்தல் என்கிறார்கள். டொச் 'புரோபெ' சோதனை. எங்கள் பிள்ளைகள் 'அப்பா, இன்டைக்குப் புரோபெ இருக்கு' என்றே சொல்கிறார்கள். எங்கள் ஒத்திகை ஒத்துப் பார்ப்பது. மட்டக்களப்புக் கூத்தில் இந்த ஒரு சொல்லும் போதாது: சட்டம் கொடுத்தல், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகப் போய்த்தான் அரங்கேற்றம். சட்டம் கொடுப்பது என்றால் இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று ஊர் முன்னிலையில் பாட்டு ஏட்டைக் கையில் கொடுப்பது. அதை 'காஸ்டிங்' என்று மொழிபெயர்த்தால் ஊர் விழுந்துவிடுகிறது. ஒரு அறையும் ஒரு மேசையும் மட்டுமே மிஞ்சும்.

'பெர்ஃபோமிங் ஆர்ட்ஸ்' என்ற தொகுப்புப் பெயருக்குத் தமிழ்நாட்டில் நிகழ்கலை, நிகழ்த்துகலை என்கிறார்கள். ஈழத்தில் ஆற்றுகைக் கலை. எனக்குப் பிடித்தது மூன்றாவது ஒன்று. க. பாலேந்திராவும் நண்பர்களும் 1978இல் தொடங்கி, பின்னர் இலண்டனிலும் தொடர்ந்த குழுவின் பெயர் தமிழ் அவைக்காற்று கலைக் கழகம். அவைக்கு ஆற்றும் கலை. ஆங்கிலச் சொல்லில் செய்கிறவனும் செயலும் மட்டுமே உண்டு. முன்னால் இருப்பவன் இல்லை. தமிழ்ச் சொல்லில் அவை முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதைக் கண்டபோது மொழிபெயர்ப்பு மூலத்தைவிடக் கூடுதலாகச் சொல்லவும் முடியும் என்று விளங்கியது. 'பெர்ஃபோம்' என்ற வினை செய்து முடித்தல் என்ற பொருளில் தொழிற்சாலையிலும் புழங்குகிறது. ஆண்டு முடிவில் என் மேற்பார்வையாளர் தரும் மதிப்பீட்டுத் தாளில் அதே சொல். ஆற்றுகைக்கும் அந்த இரட்டைத்தன்மை உண்டு. பணியும் ஆற்றுகிறோம், உரையும் ஆற்றுகிறோம்.

ஊடகச் சொற்களில் நாம் அவ்வளவு தடுமாறவில்லை. 'புரோட்காஸ்ட்' முதலில் விதையைக் கைவீசி விதைப்பதைக் குறித்த சொல்; வயல் பார்த்த எவருக்கும் ஒலிபரப்பு என்பதன் பொருத்தம் புரியும். இதில் சோ. சிவபாதசுந்தரத்தின் பங்கு பெரிது. ஒலிபரப்புக் கலை என்ற நூலை எழுதியவர் அவர். பிபிசி தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழோசை என்று பெயர் வைத்தவரும் அவர். அந்த வானொலிச் சேவை 2017இல் நின்றுபோனது. தொலைக்காட்சி, திரைப்படம் எல்லாம் எழுத்தில் நிலைத்துவிட்டன, வாயில் ரி.வி.யும் படமும்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. ரி.வி. என்பதால் எவரும் எதையும் இழக்கவில்லை.

நண்பரின் மேன்முறையீட்டுக் கடிதத்துக்கு இருவருமாக இருந்து கூத்துப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினோம். சட்டத்தரணி அதை ஆறு வரியாக வெட்டினார். 'நடனம்' என்ற சொல்லை முழுதாக எடுத்துவிடச் சொன்னார். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. 'நான் ஆடினதும் உண்மைதானே?' என்றார். அச்சொல் ஐந்தாவது வரியில் இருந்தது. அரசியல் நாடகம் முதல் வரியில்.