பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு வீடு

தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் சித்தி குடியிருக்கும் லயக் காம்பராவை அளவு நாடா பிடித்து அளந்தேன். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதன் ஒரு மூலையை மறித்துக் குசினி. காம்பராவுக்கு ஒரே கதவு, ஒரே ஜன்னல். அந்த 120 சதுர அடிக்குள் ஒரு கட்டில், பழைய சேலையால் மறைத்த உடுப்புக் கொடி, இரண்டு டிரங்குப் பெட்டி, சாமிப்படத் தட்டு, டிவி, அரிசி வாளி, சாதாரண தரம் படிக்கும் பிள்ளையின் புத்தகங்கள். நான்கு பேர் அதில்தான் படுத்து எழும்புகிறார்கள்.

நாடாவைக் கண்ட சித்தி சொன்னார்: "அலங்காரமெல்லாம் பெறகு பாக்கலாம் தம்பி. மொதல்ல இந்தப் பொகைக்கு ஒரு வழி சொல்லு."

உள்ளக வடிவமைப்பு என்றதும் நமக்குக் கொழும்பு அபார்ட்மென்ட்களும், சீலிங்கில் பதித்த விளக்குகளும், பளபளக்கும் பென்றி அலுமாரிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. 3,000 சதுர அடி வீட்டில் ஒரு மேசை இடம் மாறி இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. 120 சதுர அடியில் கட்டில் அரை அடி நகர்ந்தால் பிள்ளை உட்கார்ந்து படிக்க இடம் கிடைக்கும், அல்லது இல்லாமல் போகும். இந்தத் தொழில் அதிகம் தேவைப்படுவது லயத்துக்குத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தெஹியோவிட்ட, தெரணியகல, யட்டியாந்தோட்டை பக்கம் அதைச் சிறிய அளவில் தொடங்கி நடத்த முடியும் என்றும் நம்புகிறேன்.

குறுகிய இடத்தை எப்படி யோசிப்பது என்பதற்குக் கொழும்பிலேயே முன்மாதிரி உண்டு. பகத்தல வீதியில் 33ஆவது ஒழுங்கை என்று ஒரு சந்து. அங்கே வரிசையாக நின்ற நான்கு சின்ன வீடுகளில் மூன்றாவதை 1958இல் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாங்கினார். அடுத்த பத்து வருடத்தில் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. உலகம் முழுவதிலுமிருந்து கட்டடக் கலை மாணவர்கள் வந்து பார்க்கும் 'நம்பர் 11' அந்த வீடுதான். சந்து வீட்டுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் வராது என்பதால் அவர் வானத்தைத் திறந்தார். அங்கங்கே கூரை இல்லாத சின்னச் சின்ன முற்றங்கள், அவற்றின் வழியே இறங்கும் வெயில், மழை. பழைய வீடுகளிலிருந்து கழற்றிய கதவுகளையும் தூண்களையும் கொண்டுவந்து பொருத்தினார். நடையின் ஓரத்தில் நிற்கும் மரத்தூண்கள் நம் செட்டிநாட்டிலிருந்து வந்தவை. முன்பதிவு செய்தால் யாரும் போய்ப் பார்க்கலாம்.

பாவாவின் பணம் நம்மிடம் இல்லை. அவர் யோசித்த விதம் நமக்கும் உதவும். லயத்தின் தகரக் கூரையில் ஒரு தகரத்தை எடுத்துவிட்டு ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைப் போட்டால், பட்டப்பகலில் பல்ப் எரிக்காமல் காம்பராவுக்குள் புத்தகம் வாசிக்கலாம். உள்சுவருக்கு வெள்ளை அடித்தால் அந்த வெளிச்சம் மூலைவரை போகும்.

மினெட் டி சில்வாவையும் சொல்ல வேண்டும். கண்டியில் பிறந்து, பம்பாயிலும் லண்டனிலும் படித்து, 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். ஊர் திரும்பி, பெற்றோரின் வீட்டிலிருந்தே தொழிலை நடத்தினார். முதலில் கட்டிய கருணாரத்ன வீட்டின் கதவுப் பலகைகளில் தும்பறைப் பாய் நெசவைச் சேர்த்தார். 1950களில் கண்டி வட்டாபுலுவவில் அரசாங்க ஊழியர்களுக்கு வீட்டுத் திட்டம் போட வேண்டி வந்தபோது, குடிவர இருந்த குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். எத்தனை பேர், எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டறிந்த பிறகுதான் படம் வரைந்தார். எழுபது வருடத்துக்கு முந்திய இந்தப் பழக்கத்தை இன்றைக்குத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சித்தி வீட்டில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவு. விடியற்காலையிலேயே இறப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிறார். பால் கத்தியும் வாளியும் காம்பராவுக்குள் வந்தால் நாற்றம் தாங்காது. ஆகவே இஸ்தோப்புச் சுவரில் அவற்றுக்குக் கொக்கி. பிள்ளைக்கு, சுவரில் கீல் வைத்து மடக்கும் 2 அடிக்கு ஒன்றரை அடிப் பலகை. கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த இரண்டு பெட்டிகள். கதவுக்கு மேலே சுவர் முழுக்க ஓடும் ஒரு றாக்கை. குசினி மேடையின் உயரம் நின்று சமைப்பவரின் முழங்கையிலிருந்து மூன்று நான்கு அங்குலம் கீழே இருக்க வேண்டும். கொழும்பு பென்றி அளவை அப்படியே கொண்டுவந்தால் சித்தி போன்ற குள்ளமான ஆளுக்குத் தோள் வலிதான் மிஞ்சும். புகைக்கு, அடுப்பின் மேல் ஒரு தகரக் கூண்டும் கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் குழாயும். 1980களில் இலங்கையில் பரவிய அனகி என்ற இரட்டை மண் அடுப்பு விறகைக் குறைக்கும். புகை போக வழி தனியாகச் செய்தாக வேண்டும்.

இனி, மரம். நான் ஒருமுறை கடையில் அழகாக இருக்கிறதே என்று மரத்தூள் பலகையில் செய்த அலுமாரி ஒன்றை வாங்கி இந்தப் பக்கம் அனுப்பினேன். ஒரே மழைக்காலத்தில் அடிப்பலகை ஊதி, கதவு மூடாமல் போனது. விற்றவர் ஊரின் ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கிய நானும் சொல்லவில்லை. இந்தக் களனிப் பள்ளத்தாக்கின் ஈரத்துக்கு அந்தப் பலகை தாங்காது. ஆனால் வீட்டைச் சுற்றி நிற்கும் இறப்பர் மரம், பதப்படுத்தினால், தாங்கும். 1876இல் ஹெனரத்கொடைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்திறங்கிய கன்றுகளின் வழியில் வந்த மரம் இது. ஏறக்குறைய 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்ததும் வெட்டுவார்கள். ஒரு காலத்தில் விறகாகவே போனது. வெட்டிய சில நாளுக்குள் அறுத்து, போரோன் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தினால், நீலப்பூஞ்சையும் வண்டும் தொடாத, வெளிர் மஞ்சள் நிறத் தளபாட மரமாகிவிடும். தாமதித்தால் கறுத்துப் போகும். மருந்து ஏற்றிய பலகை என்று உறுதி செய்யாமல் ஒரு துண்டும் வாங்கக் கூடாது. வீட்டுக்குள் மட்டும் பாவியுங்கள், மழை படும் இடத்தில் வேண்டாம். காலமெல்லாம் பால் வெட்டிய குடும்பத்தின் வீட்டில் அதே மரத்தில் ஒரு படிப்பு மேசை இருப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

கணக்குக்கு வருவோம், தொழில் விழுவது பெரும்பாலும் அங்கேதான். 2022இல் சில வாரங்களுக்குள் டாலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய நாட்களை யாரும் மறக்கவில்லை. வாய்ப்பேச்சில் விலை சொல்லி வேலை எடுத்தவர்கள் கைக்காசைப் போட்டு முடித்துக் கொடுத்தார்கள். விலைமதிப்பைத் தாளில் எழுதுங்கள், அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் எழுதுங்கள். சாமானுக்கு ஒரு தொகை, பாஸ்மாரின் கூலிக்கு ஒரு தொகை, உங்கள் யோசனைக்கு ஒரு தொகை என்று பிரித்துக் காட்டுங்கள். மூன்றாவதைச் சாமான் விலைக்குள் ஒளித்து வைக்கிற பழக்கம் இங்கே நிறைய. அதனால்தான் யோசனைக்குக் காசா என்று வாடிக்கையாளர் கேட்கிறார். பணத்தை மூன்று தவணையாக வாங்குங்கள். சீட்டு எடுக்கும் மாதத்தில் வேலையை வைத்துக்கொண்டால் தோட்டத்து அக்காமாருக்கும் சுலபம், உங்களுக்கும் பாக்கி நிற்காது.

வாடிக்கையாளர் லயத்தில் மட்டும் இல்லை. டவுனில் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், மத்திய கிழக்கிலிருந்து காசு அனுப்பி வீடு கட்டும் பெண்கள், பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மொழியும் பேசத் தெரிந்த பிள்ளைக்கு இங்கே வேலை உண்டு. மலையகத்தில் 550 சதுர அடித் தனிவீடுகளும் எழும்புகின்றன. இந்திய உதவியில் 4,000 வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 கட்டுவதாக 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்தார்கள். சாவி கையில் வந்த வீட்டில் றாக்கை இல்லை, அலுமாரி இல்லை. லயத்தில் இருந்த டிரங்குப் பெட்டி அப்படியே ஹோலின் நடுவில் வந்து உட்காருகிறது.

ஓர் எச்சரிக்கை. லயத்தின் சுவரும் கூரையும் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. 1972இலும் 1975இலும் அரசாங்கம் எடுத்த தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பெனிகளின் கைக்குப் போனது. சுவரை உடைக்கவோ, கூரையைத் தொடவோ தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஒளி ஷீட்டுக்கும் புகைக் குழாய்க்கும் கூடத்தான். மற்றதையெல்லாம் கழற்றிக்கொண்டு போகும்படி செய்யுங்கள். நாளைக்குத் தனிவீடு கிடைத்தால் மேசையும் றாக்கையும் கூடவே போகட்டும்.

கொழும்பில் பென்றி அடிக்கவும், அலுமினியம் பொருத்தவும், டைல்ஸ் பதிக்கவும் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வேலை உங்கள் கையில் இருக்கிறது. தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அடுத்த தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அளவு நாடாவையும் கொண்டு வாருங்கள். முதலில் உங்கள் அம்மாவின் குசினியை அளந்து பாருங்கள்.