'ராஜினாமா கடிதம் கொடுங்கள்' என்கிறதா கம்பெனி? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்!

குமணன்சாவடி டிரங்க் ரோட்டில், விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் இவர்களை நம்பித்தான் இந்தப் பகுதியின் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், நகைச்சீட்டு எல்லாமே ஓடுகின்றன. அந்த பஸ் ஒருநாள் வராமல் போனால்?

அது நடந்திருக்கிறது. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றுபோனது. அதற்கு முன்பே விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறியிருந்தார்கள். அடுத்து, 2021 செப்டம்பரில் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அங்கே தொழிலாளர்கள் போராடினார்கள், பேச்சுவார்த்தை நீண்டது. முடிவில், பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் சராசரியாக 130 நாள் ஊதியம் என்ற அளவுக்கு இழப்பீடு உயர்ந்தது. சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் வெறும் 15 நாள்தான்!

லே-ஆஃப் வேறு, ஆட்குறைப்பு வேறு

மூலப்பொருள் இல்லை, ஆர்டர் இல்லை, மெஷின் பழுது என்று தற்காலிகமாக வேலை தர முடியாமல் போவது லே-ஆஃப். இதில் வேலை போகாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு, அடிப்படைச் சம்பளம் மற்றும் அகவிலைப்படியில் பாதி கிடைக்க வேண்டும்.

நிரந்தரமாக வெளியே அனுப்புவது ஆட்குறைப்பு. 1947-ம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டத்துக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு முன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி, முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே பொருந்தியது. இப்போது 300 பேர் இருந்தால்தான் பொருந்தும். சிறிய ஆலைகளில் வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால், நோட்டீஸும் இழப்பீடும் அவர்களுக்கும் உண்டு.

யாரை முதலில் அனுப்பலாம்?

சூப்பர்வைசருக்குப் பிடிக்காதவரை அல்ல! ஒரே பிரிவில், கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியேற வேண்டும் என்பது பொது விதி. அதை மீறினால், நிர்வாகம் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பின்னர் ஓராண்டுக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால், அனுப்பப்பட்டவர்களுக்கே முன்னுரிமை.

எவ்வளவு கிடைக்கும்?

மாதம் 20,000 ரூபாய் ஊதியம், 8 ஆண்டு 7 மாத சர்வீஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தைத் தாண்டியதால் 9 ஆண்டாகக் கணக்கிடப்படும்.

* ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான ஊதியம்: 20,000 ரூபாய்
* ஆண்டுக்கு 15 நாள் வீதம் இழப்பீடு: 90,000 ரூபாய்
* கிராஜுவிட்டி: 1,03,846 ரூபாய்
* மறுதிறன் பயிற்சி நிதி, 15 நாள் ஊதியம்: 10,000 ரூபாய்

மொத்தம் 2,23,846 ரூபாய். பயிற்சி நிதி, 45 நாள்களுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். பி.எஃப் பணம் இந்தக் கணக்கில் சேராது, அது தனி.

அந்த ஒரு கையெழுத்து

இதில் ஒரு பகுதி ஒரே தாளில் கைநழுவிப் போகலாம். தானாக ராஜினாமா செய்தாலோ, விருப்ப ஓய்வு பெற்றாலோ அது ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்பு இழப்பீட்டை அதன்பின் கேட்க முடியாது. அதனால், விருப்ப ஓய்வுத் தொகை மேலே சொன்ன மொத்தத்தைவிட அதிகமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். 'இன்றைக்கே கையெழுத்து' என்று அவசரப்படுத்தினால், நகலை வாங்கிக்கொண்டு வீட்டில் பேசிவிட்டு வருவதாகச் சொல்லுங்கள்.

நியமனக் கடிதம், சம்பள ரசீதுகள், அடையாள அட்டை, வருகைப் பதிவு ஆகியவற்றை போனில் படமெடுத்து வைப்பது நல்லது. நியாயம் கிடைக்கவில்லை என்றால், தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். 45 நாள்களில் தீரவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலை போன நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம் என்பதால், 'பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம்.